பேராதனையிலிருந்து தமிழில் ஒரு கிறிஸ்தவப் பொட்காஸ்ட்: செய்தால் அம்மாவுக்குப் புரியுமா?

மஸ்கெலியா மழை:

வணக்கம். நான் பேராதனை கெம்பஸில் மூன்றாம் வருடம், கலைப்பீடம். வீடு மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். லீவுக்கு வீட்டுக்குப் போவதென்றால் கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை, ஹட்டன் என்று அரை நாள் பஸ்ஸிலேயே போய்விடும். அந்த நேரத்தில் காதில் ஏதாவது போட்டுக்கொண்டு உட்காருவேன். போன தவணையில் ஒரு சிநேகிதி சில ஆங்கிலப் பொட்காஸ்ட்களை அனுப்பினாள். எல்லாம் அமெரிக்காவின் பல்கலைக்கழக ஊர்களிலிருந்து வருபவை. ஒன்று நியூ ஹேவனில் யேல் பல்கலைக்கழகத்தின் ஒரு மையம் செய்வது, மிரோஸ்லாவ் வோல்ஃப் என்ற இறையியலாளர் அடிக்கடி பேசுவார். இன்னொன்று சார்லட்ஸ்வில்லில் கென் மையர்ஸ் என்பவர் 1990களில் கசெட்டில் பதிந்து தபாலில் அனுப்பத் தொடங்கியதாம், பிறகுதான் இணையத்துக்கு வந்தது.

எனக்குப் பிடித்தது என்னவென்றால் அதில் பிரசங்கம் இல்லை. படித்த ஒருவர் தான் படித்ததைச் சொல்கிறார், பேட்டி எடுப்பவர் இடையில் மறித்துக் கேள்வி கேட்கிறார், சில இடத்தில் "இது எனக்கு இன்னும் பிடிபடவில்லை" என்று இருவருமே ஒத்துக்கொள்கிறார்கள். எங்கள் கோயிலில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். தமிழில் தேடினால் பிரசங்கமும் பாட்டும் சாட்சியும்தான் நிறைய வருகிறது. விசுவாசம், படிப்பு, சமூக வாழ்க்கை மூன்றையும் சேர்த்துப் பேசும் இந்த மாதிரி உரையாடல், அதுவும் நம் மலையகத்தைத் தொட்டு, யாராவது செய்கிறார்களா? இல்லையென்றால் நாங்கள் மூன்று பேர் (ஒருத்தி கத்தோலிக்கம், நான் மெதடிஸ்ட், மற்றவன் சும்மா ஆர்வத்தில் வருகிறான்) போனை வைத்தே தொடங்கலாம் என்று இருக்கிறோம். ஆனால் எதைப் பேசுவது? அங்கே மாதிரி பேராசிரியர்களை வைத்துப் பேசினால், கொழுந்து எடுத்துவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்கு வரும் என் அம்மா கேட்பாரா? அம்மா கேட்காத ஒன்றைச் செய்ய எனக்கு மனமில்லை.

கலஹா சந்தி:

தங்கச்சி, நானும் அதே கலைப்பீடத்துப் பழைய ஆள்தான், இப்போது ஹட்டனில் படிப்பிக்கிறேன். எதைப் பேசுவது என்று கேட்கிறீர்களே, நீங்கள் நடந்து போகிற ரோட்டிலேயே கிடக்கிறது.

தனிநாயகம் அடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்காவற்றுறையில் பிறந்த கத்தோலிக்கக் குரு, ரோமாபுரியில் படித்தவர். 1952இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்த அதே வருடம் இங்கே கல்வித் துறை விரிவுரையாளராகச் சேர்ந்து, 1961இல் மலாயாவுக்குப் போகும்வரை இருந்தார். உலகத் தமிழாராய்ச்சி மாநாடு, கோலாலம்பூர், 1966 என்று அவரைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட ருசியான கதை இன்னொன்று. 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான ஒரு தமிழ்–போர்த்துக்கேய அகராதி, அந்தாவோ த ப்ரோயென்சா என்ற இயேசு சபைக் குரு செய்தது, கண்ணில் படாமலே கிடந்தது. அதை வத்திக்கான் நூலகத்தில் தேடிப் பிடித்து, 1966இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் இவர். பேராதனையில் வேலை பார்த்துக்கொண்டே ஐரோப்பாவின் நூலகங்களில் பழைய தமிழ் அச்சு நூல்களைத் துழாவிய ஒரு சாமியார்! இதை ஒழுங்காகச் சொன்னால் யார் கேட்க மாட்டார்கள்?

அடுத்தது கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டிய. பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893இல் இந்தியாவுக்கென்று குருமாரைப் பயிற்றும் ஒரு குருமடம் தொடங்கினார், அதை வைத்தது இந்தியாவில் அல்ல, நம் கண்டியில். இந்தியாவிலிருந்து பெடியன்கள் கடல் தாண்டி வந்து இந்த மலையில் படித்தார்கள். 1955இல் அது பூனாவுக்குப் போய்விட்டது. அதே காலத்தில் அதே கடலைத் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்து தோட்டத்துக்கு வந்த நம் ஆட்களையும் நினைத்துப் பாருங்கள். ஒரே மலை, இரண்டு விதமான வருகை. ஒரு மணி நேரம் பேசலாம்.

பிலிமத்தலாவையை விட்டுவிட்டேனே. கெம்பஸிலிருந்து கொழும்பு ரோட்டில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறையியல் கல்லூரி. 1963இல் அங்கிலிக்கன், மெதடிஸ்ட், பப்டிஸ்ட் எல்லாரும் சேர்ந்து தொடங்கியது, சிங்களத்திலும் தமிழிலும் படிப்பிக்கிறார்கள். அங்கே படித்துவிட்டு தோட்டச் சபைக்குப் போகும் ஒரு இளம் போதகரைப் பிடித்து, முதல் வருடம் எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள், போதும். படித்த கிரேக்கம் எங்கே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக் களம் எங்கே!

குறிஞ்சி:

மேலே எழுதிய அண்ணன் சொன்னது நல்ல சரக்கு, ஆனால் கொஞ்சம் நெருடுகிறது. நான் சைவம். கெம்பஸ் காலம் முழுக்க அங்கே இருக்கிற குறிஞ்சிக்குமரன் (முருகன்) கோயிலுக்கு ஏறி இறங்கியவன். நீங்கள் இதைச் செய்தால் நான் கேட்பேனா என்று யோசித்துப் பார்த்தேன்.

அமெரிக்காவில் கிறிஸ்தவப் படிப்பு மையங்கள் பல ஏன் பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஒரு வீட்டில் இருக்கின்றன தெரியுமா? சார்லட்ஸ்வில்லையே பாருங்கள். ஜெஃபர்சன் 1819இல் வேர்ஜினியா பல்கலைக்கழகத்தைத் தொடங்கியபோது நடுநாயகமாக வைத்தது தேவாலயத்தை இல்லை, நூலகத்தை. சமயம் வெளியே, படிப்பு உள்ளே. அப்புறம் 1970களில் கிறிஸ்தவர்கள் சிலர் வாசலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, சமயத்தையும் படிப்பையும் ஒரு மேசையில் வைக்கலாம் என்று படிப்பு மையம் தொடங்கினார்கள். அவர்களுடைய பிரச்சினை அது. நமக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. நம் ஊரில் சமயம் எங்கும் இருக்கிறது, ஒலிபெருக்கியோடு.

நமக்கு இருக்கிற பிரச்சினை வேறு, பக்கத்துக் காம்பராக்காரனோடு, அதாவது பக்கத்து வீட்டுக்காரனோடு, சமயத்தைப் பற்றிப் பேசவே முடியாமல் போய்க்கொண்டிருப்பது. நான் சின்ன வயதில் பார்த்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) மாரியம்மன் திருவிழாவுக்குத் தண்டல் கேட்டுப் போனால் வேதக்காரர் (கிறிஸ்தவர்) வீட்டிலும் கொடுப்பார்கள், காமன் கூத்தில் அவர்கள் வீட்டுப் பெடியனும் வேஷம் கட்டுவான், நத்தாருக்கு எங்கள் வீட்டுக்குக் கேக் வரும். இப்போது புதிது புதிதாக ஜெபக்கூட்டங்கள் வந்தபிறகு ஒருத்தர் தட்டை ஒருத்தர் தொடுவதில்லை. எங்கள் பக்கத்திலும் பிழை உண்டு, மறுக்கவில்லை. "சமூக வாழ்க்கை" என்று நீங்கள் சொல்வது கோயிலுக்குள் இருக்கிறவர்களை மட்டுமா, முழு லயத்தையுமா? முழு லயம் என்றால் நான் முதல் ஆளாகக் கேட்பேன்.

ஒரு ஆளைச் சொல்லவா? போல் கஸ்பர்ஸ் அடிகள், இயேசு சபை. 1972இல் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கினார். தமிழர் இல்லை, தோட்டத்தில் பிறந்தவரும் இல்லை. ஆனால் தோட்ட மக்களின் கூலி, குடியுரிமை, வீடு என்று எழுதியும் பேசியும் 2017இல் சாகும்வரை விடவில்லை, சிங்களவர் தமிழர் முஸ்லிம் எல்லாரையும் சேர்த்துத்தான் வேலை செய்தார். படிப்பும் சமூகமும் ஒன்றாக இருப்பதென்றால் எனக்கு அதுதான்.

சவுண்ட் செட்காரன்:

பெரிய ஆட்கள் எல்லாம் பேசிவிட்டார்கள், நான் வயர் விஷயம் மட்டும் சொல்கிறேன். நுவரெலியாவில் போன் கடை, கோயில் திருவிழாவுக்கு சவுண்ட் செட்டும் போடுகிறேன்.

அம்மா ஆப் எல்லாம் போட்டுக் கேட்க மாட்டார். வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவாக வந்தால் கேட்பார், அதுவும் அளவு சின்னதாக இருந்தால். ஸ்டீரியோ வேண்டாம், மோனோவில் 64 கேபிபிஎஸ் வைத்தால் அரை மணி நேரம் ஏறத்தாழ 14 எம்பி. 128இல் வைத்தால் அது இரண்டு மடங்கு. பேச்சுக்கு 64 தாராளம், காது கூர்மையாக இருக்கிற யாரும் முறைப்பாடு சொல்ல மாட்டார்கள். பெரிய தரத்தில் ஒன்றை இணையத்தில் ஏற்றுங்கள், சின்னதை வட்ஸ்அப்பில் விடுங்கள். அரை மணியும் நீளம்தான், பதினைந்து நிமிடமாக இரண்டாக வெட்டுங்கள்.

பதியும்போது மழை. தகரத்தில் மழை விழுந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. நம் பக்கம் தென்மேல் பருவத்தில், அதாவது ஜூன், ஜூலையில், மஸ்கெலியாவில் பதியலாம் என்று கனவு காணாதீர்கள், ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. இல்லாவிட்டால் காலையிலேயே பதிந்துவிடுங்கள், மழை அனேகமாகப் பின்னேரம்தான் பிடிக்கும். கம்பளி தொங்கப்போட்ட சின்னக் காம்பராதான் நமக்கு ஸ்டூடியோ. போனை மேசையில் வைக்க வேண்டாம், பேசுகிறவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள், இல்லாவிட்டால் ப, ப என்று ஊதும். ஏரோபிளேன் மோட். இதை மறந்துதான் நான் ஒரு முறை ஒரு பெரியவரின் முழுப் பேட்டியையும் கெடுத்தேன், நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றதே தெரியவில்லை. அந்தப் பெரியவர் இப்போது இல்லை.

உபதேசியார் பேத்தி:

இந்தத் திரியைப் படித்துக்கொண்டே வந்தேன், கடைசி வரியில் நெஞ்சு திக்கென்றது.

என் தாத்தா தோட்டத்து உபதேசியார், அதாவது போதகருக்கு உதவியாகச் சபையில் வேதம் சொல்லிக்கொடுப்பவர். தெரியாதவர்களுக்கு: தோட்டங்களில் ஊழியம் என்பது 1850களில், கோப்பிக் காலத்திலேயே, தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரோடு தொடங்கியது. ஆமாம், "கூலி" என்று பெயரிலேயே போட்டிருந்தார்கள், பிறகுதான் மாற்றினார்கள். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாரின் காசும் அதில் இருந்தது. அதையும் பொட்காஸ்டில் சொல்லுங்கள், மூடி மறைக்காமல். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்பது பங்களா வரைக்கும் போகும் விஷயமாக இருந்தது என்று தாத்தா சொல்வார். அவர் கிழமை நாட்களில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார், கடிதம் எழுதிக் கொடுத்தார். தோட்டத் தமிழரைப் பிரித்து அனுப்புவதற்கான 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததும் அவர்தான், தாங்களே பெயர் எழுதத் தெரியாதவர்களுக்கு. ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் பேரை அனுப்புவது என்று கொழும்பிலும் டெல்லியிலும் பேசினார்கள். எங்கள் தோட்டத்தில் அது தாத்தாவின் மேசைக்கு முன்னால் வரிசையாக நின்றது. அவர் வைத்திருந்த குறிப்புக் கொப்பி ஒன்று அப்பாயியின் ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது.

இன்னொரு விஷயம். மொழியை முதலில் தீர்மானியுங்கள். உங்கள் கத்தோலிக்கச் சிநேகிதி செபம், விவிலியம், தூய ஆவி, நற்கருணை என்பாள். நீங்கள் ஜெபம், வேதாகமம், பரிசுத்த ஆவி, திருவிருந்து என்பீர்கள். அவளுக்குப் பேராயர் என்றால் ஒருவர், நமக்கு வேறொருவர். 1995இல் எல்லாரும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பு வெளியிட்டும் எங்கள் சபையில் கர்த்தரை ஆண்டவராக்க ஒருத்தரும் தயாரில்லை. குறிஞ்சி அண்ணனுக்கு இரண்டுமே புரியாது. நான் சொல்வது, ஆளுக்கு ஆள் தன் வார்த்தையையே சொல்லட்டும், மற்றவர் அங்கேயே நிறுத்தி "அதென்ன?" என்று கேட்கட்டும். ஒரே மாதிரி மழித்துவிட்டால் ருசி போய்விடும்.

குறிஞ்சி:

எனக்குக் கர்த்தர் புரியும், "அபிஷேகம்" என்று நீங்கள் சொல்வதுதான் புரியாது. எங்கள் கோயிலில் அதற்குப் பால் வேண்டும் :)

கலஹா சந்தி:

உபதேசியார் பேத்தி, அந்தக் கொப்பியை முதலில் போட்டோ எடுத்துவிடுங்கள் தங்கச்சி. நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் தேதி சொல்லி வரத் தெரியாது. அதில் ஆட்களின் பெயர், குடும்ப விஷயம் எல்லாம் இருக்கும், அவர்களுடைய பிள்ளைகள் இன்னும் இங்கேயும் அங்கேயும் இருப்பார்கள், அதனால் பெயரை வாசிக்காமல் பேசுவது நல்லது. பேராசிரியர்களைப் பற்றி நான் மேலே நீட்டி எழுதியதை இப்போது பார்த்தால், முதல் பதிவு அது இல்லை போலிருக்கிறது. தனிநாயகம் அடிகள் கொஞ்சம் பொறுப்பார்.

மஸ்கெலியா மழை:

எல்லாருக்கும் நன்றி. இரவு மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். பெரிய பெரிய தலைப்பாக எழுதி வைத்திருந்த தாளைக் கிழிக்கவில்லை, மடித்து வைத்திருக்கிறோம். அமெரிக்கப் பொட்காஸ்டில் எனக்குப் பிடித்தது பேராசிரியர் என்று நினைத்தேன், பார்த்தால் அந்த மறித்துக் கேட்கிற ஆள்தான்.

அதனால் அம்மாவைக் கேட்கிறவராக வைக்கப் போவதில்லை, கேள்வி கேட்கிறவராக வைக்கப் போகிறோம். போனில் சொன்னேன். "எனக்கு என்னடி தெரியும்" என்றார். பிறகு தானாகவே, "அந்த உபதேசியார் விண்ணப்பம் எழுதும்போது யாரையாவது போகாதே என்று சொன்னாரா, அதைக் கேள்" என்றார். அம்மாவின் பெரியப்பா குடும்பம் போனது கூடலூருக்கு.

உபதேசியார் பேத்தி அக்கா, அப்பாயியோடு பேச எப்போது வரலாம்? காலையில், மழைக்கு முதல்.