பழைய அப்டேட்டுக்குச் சான்று எங்கே கிடைக்கும்?

கும்பகோணத்தில் நாங்கள் மூன்று பேர், தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு மின்சார ஸ்கூட்டரின் மென்பொருள் பதிப்புகளைத் தொகுக்கிறோம். 2022 மாடல். பொங்கலுக்கு ஆரம்பித்தது, 11 பதிப்பில் 7க்குச் சான்றே இல்லை. புதுசு வந்ததும் நிறுவனத் தளத்தில் பழைய குறிப்பு காணாமல் போய்விடுகிறது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பார்த்தால் வெற்றுப் பக்கம். வண்டித் திரையைப் படமெடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினோம், காப்புரிமைச் சிக்கல் என்று நீக்கிவிட்டார்கள் (நியாயம்தான்). தஞ்சாவூர் சர்வீஸ் சென்டரில் கேட்டால் "அதெல்லாம் தானா ஏறிடும் சார்" என்கிறார்கள்.

டெஸ்லாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2023 டிசம்பரில் ஆட்டோபைலட்டுக்காக (ஓட்டுநருக்கு உதவும் வசதி) 20 லட்சத்துக்கும் அதிகமான கார்களுக்கு மென்பொருள் அப்டேட்டாகவே வந்த ரீகால் (குறையைச் சரிசெய்யும் அறிவிப்பு), அமெரிக்க அரசின் ஆவணத்திலேயே இருக்கிறது.

பழைய பதிப்பின் எண்ணும் தேதியும் உள்ள, விக்கி ஏற்கும் மூலம் வேறு எங்கே கிடைக்கும்?