மறு: 'ரிசர்ச் இம்பாக்ட்'டுக்குத் தமிழில் என்ன? என் பரிந்துரை: ஆய்வுப் புழக்கம்

வணக்கம் நண்பர்களே,

முதியோரைப் பற்றிய மானுடவியல் ஆய்வுகள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே, அதாவது காப்பகத்திலும் மருத்துவமனையிலும் திட்டம் போடுகிறவர்களின் மேசையிலும் வீட்டிலும் பயன்படுவதைக் குறிக்க ஒரு சொல் வேண்டும் என்று தொடங்கிய இழையில் இதுவரை 'ஆய்வுத் தாக்கம்', 'அறிவுப் பரிமாற்றம்', 'ஆய்வுப் பயனாக்கம்' என்ற மூன்றும் வந்திருக்கின்றன. எனக்கு மூன்றிலும் நிறைவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் பங்குக்கு ஒன்றை வைக்கிறேன்.

முதலில் தாக்கம். 'இம்பாக்ட்' என்பதற்கு நேராகப் போட்ட சொல். பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தை மதிப்பிடும்போது 2014இல் இதற்கென்றே 20 விழுக்காடு ஒதுக்கினார்கள், 2021இல் அது 25 ஆனது. அந்த மதிப்பீட்டு முறையை மொழிபெயர்க்கிறவருக்கு 'ஆய்வுத் தாக்கம்' போதும், அங்கே அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் தமிழில் வெயிலின் தாக்கம், புயலின் தாக்கம், நோயின் தாக்கம் என்றுதான் சொல்கிறோம். ஒரு பக்கத்திலிருந்து வந்து மேலே விழுவது, விழுந்த பக்கத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. காப்பகத்தில் பத்து வருடமாக முதியவர்களைக் குளிப்பாட்டி ஊட்டிவிடுகிற ஒரு பணியாளரிடம் 'எங்கள் ஆய்வு உங்கள்மேல் தாக்கம் செலுத்தியது' என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? அவரிடம் கேட்டு எழுதியதைத்தானே அவரிடம் திருப்பிக் கொடுக்கிறோம்.

பரிமாற்றம் அந்தக் குறையைச் சரிசெய்கிறது, இரண்டு பக்கமும் இருக்கிறது. கனடாவின் மருத்துவ ஆய்வு நிறுவனம் 2000 வாக்கில் பரப்பிய 'நாலெட்ஜ் டிரான்ஸ்லேஷ'னை, அதாவது ஆய்வில் கிடைத்த அறிவை நடைமுறைக்குக் கொண்டுபோவதை, 'அறிவு மொழிபெயர்ப்பு' என்று எழுதிக் குழப்புவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் பரிமாற்றம் நடக்க இரு தரப்பும் ஒரே நேரத்தில் எதிரெதிரே இருக்க வேண்டும். நடைமுறையில் அப்படி நடப்பதில்லை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்பரா மயர்ஹாஃப் என்ற மானுடவியலாளர் 1970களில் கலிஃபோர்னியாவில் வெனிஸ் கடற்கரையை ஒட்டிய ஒரு முதியோர் மையத்தில் களப்பணி செய்தார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இளமையில் குடியேறி, முதுமையில் பெரும்பாலும் தனித்துப்போன யூதர்கள் கூடும் இடம் அது. அவர்கள் எதற்கெடுத்தாலும் கூடிப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், பட்டமளிப்பு விழா, பிறந்தநாள் என்று எதையாவது கொண்டாடுவார்கள். வெளியே யாரும் தங்களை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பதால், தாங்கள் யார் என்பதை ஒருவருக்கொருவர் முன்னால் நடித்துக் காட்டி உறுதிசெய்துகொள்கிறார்கள் என்று மயர்ஹாஃப் புரிந்துகொண்டார். இந்த வகைக் கூடல்களுக்கு அவர் ஒரு பெயரும் வைத்தார், தமிழில் 'தன்னிலை காட்டும் சடங்கு' என்று சொல்லலாம். அப்புறம் ஒரு நாள் அந்த மையத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர்மேல் கடற்கரை நடைபாதையில் மிதிவண்டி மோதி அவர் இறந்துபோனார். ஓட்டி வந்த இளைஞர் சொன்ன பதில், "நான் அவரைப் பார்க்கவே இல்லை." முதியவர்கள் பதாகைகளோடு ஊர்வலம் போனார்கள். பதாகையில் இருந்தது, 'வெனிஸில் சாவு அல்ல, வாழ்வு.' கண்ணில் படாமல் இருப்பதை மயர்ஹாஃப் ஒரு கருத்தாக எழுதினார், அந்த மக்களோ அதைத் தெருவில் வைத்துக் கேள்வி கேட்டார்கள்.

மயர்ஹாஃப் 1985இல் மறைந்தார். கதை அங்கே முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் குடும்ப உளவளத்துறையில் இருந்த மைக்கேல் வைட் அந்தச் சடங்கு என்ற கருத்தை எடுத்துத் தன் சிகிச்சை முறைக்குள் வைத்தார். ஒருவர் தன் கதையைச் சொல்வார், அழைத்து உட்காரவைத்த சிலர் கேட்பார்கள், கேட்டபின் அந்தக் கதையில் தங்களைத் தொட்டது எது என்று அவர்கள் பேசுவார்கள், சொன்னவர் இப்போது கேட்பவராக இருப்பார். இதில் பாராட்டும் இல்லை, அறிவுரையும் இல்லை. கடற்கரை முதியவர்களைப் பற்றி ஒன்றுமே தெரியாத எத்தனையோ ஆலோசகர்கள் இன்று இதைச் செய்கிறார்கள். இதில் பரிமாற்றம் எங்கே இருக்கிறது? எழுதியவர் இல்லை, எடுத்தவர் வேறு துறை, பயன்படுத்துகிறவர் வேறு நாடு. பயனாக்கமும் பொருந்தாது, ஏனென்றால் மயர்ஹாஃப் இதை ஒரு சிகிச்சைக்காக ஆக்கித் தரவில்லை. பயனாக்கம் என்றால் பயன் என்ன என்பதை ஆய்வாளரே முன்கூட்டி முடிவுசெய்ததுபோல் ஆகிவிடுகிறது. தவிர, 'பயன்பாட்டு மானுடவியல்' ஏற்கெனவே ஒரு துறையின் பெயர், இரண்டும் அருகருகே வந்தால் மாணவர்கள் திணறுவார்கள்.

அதனால் நான் முன்வைப்பது ஆய்வுப் புழக்கம்.

புழங்குகிற பாத்திரம் என்கிறோம். பரணில் இருப்பதும் பாத்திரம்தான், ஆனால் புழங்குவது தேய்கிறது, நெளிகிறது, பல கை படுகிறது. ஒரு ஆய்வு முடிவும் வெளியே போனால் அப்படித்தான் ஆகும், ஆக வேண்டும். நாட்டார் வழக்காற்றியலில், மக்கள் அன்றாடம் கையாளும் பொருட்களைக் குறிக்கும் 'புழங்குபொருள் பண்பாடு' பல காலமாக நிலைத்த சொல் என்பதையும் பாருங்கள், மானுடவியலுக்கு இது அந்நியம் இல்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வினை வடிவம். நாணயத்தைப் புழக்கத்தில் விடுகிறார்கள், அது புழங்குகிறது. இரண்டும் வேறு வேறு வேலை, செய்கிறவர்களும் வேறு. அறிக்கை வெளியிட்டோம், கருத்தரங்கு நடத்தினோம் என்பதெல்லாம் புழக்கத்தில் விடுவதோடு நின்றுவிடுகிறது, ஆனால் பல நிறுவனங்கள் அதையே கணக்கில் எழுதிக்கொள்கின்றன. 'புழக்கத்தில் விட்டார்கள், ஆனால் புழங்கவில்லை' என்று ஒரே வரியில் சொல்ல இந்தச் சொல் இடம் கொடுக்கிறது. 'தாக்க'த்தை வைத்து இதைச் சொல்லிப் பாருங்கள், வராது.

எதிர்த்திசையும், அதாவது மக்களிடமிருந்து ஆய்வுக்கு வருவதும், இதில் அடங்கும். மானுடவியலாளர் டேனியல் மில்லர் தலைமையில் லண்டனிலிருந்து நடந்த, ஸ்மார்ட்போனும் முதுமையும் பற்றிய ஆய்வில் ஆய்வாளர்கள் பல நாடுகளில் 16 மாத அளவுக்குக் களத்தில் தங்கினார்கள். உடல்நலத்துக்கென்று தனியாகச் செய்த செயலிகளை முதியவர்கள் அதிகம் தொடவில்லை, ஏற்கெனவே கைக்குப் பழகின வாட்ஸ்அப் போன்றவற்றையே மருத்துவத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். பிரேசிலில் பணியாற்றிய மரீலியா டூகே புதிய செயலி செய்யப் போகவில்லை. மருத்துவப் பணியாளர்கள் வாட்ஸ்அப்பை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்து, அதையே கையேடாக எழுதிக் கொடுத்தார். ஏற்கெனவே புழங்குவதை ஆய்வு எடுத்து, ஒழுங்குபடுத்தி, மறுபடி புழக்கத்துக்கே அனுப்பியது.

நேற்று ஒரு நண்பர் கேட்டிருந்தார், இந்த ஆய்வுகளில் காப்பகம் நடத்துகிறவர் எடுத்துக்கொள்ள அப்படி என்னதான் இருக்கிறது என்று. இருக்கிறது. டிமத்தி டயமண்ட் மானுடவியலாளர் இல்லை, சமூகவியலாளர், ஆனால் செவிலி உதவியாளராகப் பயிற்சி எடுத்து சிகாகோ முதியோர் இல்லங்களில் அந்த வேலையையே செய்து 1992இல் எழுதினார். பதிவேட்டில் குளியல், எடை, மருந்து எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். பயந்துபோயிருக்கிற ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்துக்குக் கட்டம் கிடையாது, கட்டம் இல்லாதது நடக்காத வேலையாகிவிடும். நிர்வாகி ஒருவர் இதைப் படித்துவிட்டுப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம் கூட்டினாலும் அந்த ஆய்வு புழங்குகிறது என்பேன்.

ஒரு மறுப்பு வரும், தெரியும். செய்தித்தாளில் 'கள்ளநோட்டுப் புழக்கம்', 'போதைப்பொருள் புழக்கம்' என்று படித்துப் படித்துச் சொல்லுக்கே ஒரு கறை இருக்கிறது. உண்மைதான், ஆனால் அங்கே கெட்டது முன்னால் நிற்கிற பெயர்ச்சொல். 'பேச்சுப் புழக்கம்' என்னும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை.

துறைப்பெயர் பற்றியும் ஒரு வரி. முதுமை மானுடவியலா, மூப்பு மானுடவியலா என்ற கேள்விக்கு என் வாக்கு மூப்புக்கு. முதுமை ஒரு நிலை, மூப்பு நடந்துகொண்டிருப்பது, பணிமூப்பில் வருவதுபோல வயதோடு வரும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளும். 'ஜெரன்டாலஜி'க்கு முதுமையியல் என்பது மருத்துவ வட்டாரத்தில் வேரூன்றிவிட்டது, அதை அப்படியே விட்டுவிடலாம்.

எனக்குத் தீராமல் இருப்பது பெயரடை. 'புழக்கமுள்ள ஆய்வு' சரியாக ஒலிக்கவில்லை, 'புழங்கு ஆய்வு' என்றால் புழங்குபொருளை ஆய்வது என்று பொருள் மாறிவிடும். இலக்கணம் தெரிந்தவர்கள் இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.