2147483647 உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது?

எனக்கு வேலையில். வாடிக்கையாளர் தொடும் ஒவ்வொரு பொத்தானும் ஒரு வரியாகப் பதிவாகும் டேபிள் ஒன்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஒரு ராத்திரி பதிவு நின்றுபோனது. லாக்கைத் திறந்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப: 2147483647 என்ற ஐடி, அதாவது வரியின் தொடர் எண், ஏற்கெனவே இருக்கிறதாம். அந்த ஐடி 32 பிட் முழு எண், அதாவது 0 அல்லது 1 மட்டும் நிற்கும் 32 இடங்கள். கூட்டலா கழித்தலா என்ற குறிக்கு ஒரு பிட் போனால் மிச்சம் 31. அத்தனையிலும் 1 நிரம்பினால் இந்த எண், அதற்கு மேல் இடம் கிடையாது. 64 பிட்டுக்கு மாற்றி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

* * *

தம்பி, நான் கணக்கு வாத்தியார். கம்ப்யூட்டருக்கு வெகுகாலம் முன்பே இந்த எண்ணுக்குப் பெயர் உண்டு. இது பகா எண் என்று 1772-இல் கணித மேதை ஆய்லர் காட்டினார். கண்பார்வை அநேகமாகப் போய்விட்ட காலம் அவருக்கு.

அவர் வழியைப் பிளஸ் டூ பிள்ளைகளோடு போட்டுப் பார்த்திருக்கிறேன். இதன் வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டும். அதுவரை உள்ள பகா எண்களே நாலாயிரத்துக்கு மேல். அத்தனையாலும் கையால் வகுப்பது யாரால் ஆகும்? ஆனால் இது 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண். 31 பகா எண் என்பதால், இதை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணையும் 62-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். அதில் முதல் பகா எண் 311. வகுத்தால் மீதி 35. அடுத்தது 1303, மீதி 226. ஆளுக்குச் சிலதாகப் பிள்ளைகள் பிரித்துக்கொண்டார்கள். ஒன்றுகூட மீதியில்லாமல் வகுக்கவில்லை. கடைசி மீதியும் பலகையில் ஏறியபோது வகுப்பு போட்ட சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டது!

* * *

நான் சிசிடிவி பொருத்துகிறேன். சில பழைய ரெக்கார்டர்களில் தேதி 2037-ஐத் தாண்டாது. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணும் கடிகாரத்துக்கு இந்த எண்தான் எல்லை என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். நம்மூர் நேரத்துக்கு 2038 ஜனவரி 19, காலை 8:44:07. அடுத்த நொடியில் 32 பிட் கடிகாரம் 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

* * *

சார், அப்படியென்றால் பகா எண் என்பதற்காகவே இதை எல்லையாக வைத்தார்களா?

* * *

இல்லை தம்பி, அது தானாக அமைந்தது. 16 பிட்டின் எல்லை 32767. அது 7 × 31 × 151. அடுக்கு பகா எண்ணாக இல்லாவிட்டால் விடையும் பகா எண் ஆகாது. 15 பகா எண் இல்லையே. அடுக்கு பகா எண்ணாக இருந்தாலும் உறுதி கிடையாது: 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 2047, அது 23 × 89. 31 தேறியது, அதனால்தான் இந்த எண் மேல் எனக்கு இவ்வளவு பிரியம். உங்கள் புது 64 பிட் எல்லைக்கு அடுக்கு 63. அது 3-இன் மடங்கு, ஆகவே 7 கட்டாயம் வகுக்கும். போட்டுப் பாருங்கள்.

* * *

போட்டேன் சார். 9223372036854775807-ஐ 7-ஆல் வகுத்தால் 1317624576693539401, மீதியில்லை. அதையும் 7 மறுபடி வகுக்கிறது!