கம்போஸ்ட் யார்டுக்குக் கருத்துக்கேட்பு கூட்டம் வேண்டுமா, வேண்டாமா?

ஏரிக்கரைவாசி:
நம்ம நகர்மன்றத்தில் போன வாரம் சத்தமில்லாமல் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறார்கள். பழைய குப்பைக்கிடங்கை ஒட்டிய புறம்போக்கில், ஏரிக்கு மேட்டுப்புறத்தில், ஒரு நாளைக்கு 40 டன் குப்பையை உரமாக்கும் யார்டு வரப்போகிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எங்கே என்று கேட்டதற்கு, "இது குப்பைக்கிடங்கு இல்லையே, உரம் தயாரிக்கிற இடம்தானே, அதெல்லாம் தேவையில்லை" என்று ஒரே வரியில் பதில். எந்தத் திட்டத்துக்கு இந்த மதிப்பீடும் ஊர்மக்கள் கருத்துக்கேட்பும் வேண்டும் என்று சொல்லும் மத்திய அரசின் 2006 அறிவிக்கையின் அட்டவணையில் நகராட்சித் திடக்கழிவுப் பொது வசதிகளைச் சேர்த்திருக்கிறார்கள், இத்தனை டன்னுக்கு மேல்தான் என்று வரம்பும் வைக்கவில்லை. கருத்துக்கேட்பு நடத்தாமல் ஒரு செங்கல் வைக்கக்கூடாது என்பது என் நிலை.

மண்புழு:
அண்ணே, அந்தப் பழைய கிடங்குக்கு யார் எந்த அனுமதி வாங்கினார்கள்? கோடைக்குக் கோடை எரிகிறது, அந்தப் புகையைத்தான் நாம் எல்லோரும் சுவாசிக்கிறோம், அதற்கு யாரும் கருத்துக்கேட்பு கேட்டதாக நினைவில்லை. உருப்படியாக ஒன்று வரும்போது மட்டும் சட்டப்புத்தகம் வெளியே வருகிறது. வரைவு அறிக்கை, 30 நாள் நோட்டீஸ், கூட்டம், அப்புறம் அனுமதி தரும் மாநில ஆணையம், அதற்கு மேல் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஒரு வழக்கு என்று இழுத்துக்கொண்டே போனால், அத்தனை நாளும் மக்கும் குப்பை போவது அதே எரியும் மலைக்குத்தான். தாமதத்தால் லாபம் குப்பைமேட்டுக்கு, வேறு யாருக்கும் இல்லை. கேள்வி கேட்க ஆளே இல்லாத மாதிரிப் பேசுவதும் தப்பு. 2016 திடக்கழிவு விதிகளிலேயே, ஒரு நாளைக்கு 5 டன்னுக்கு மேல் கையாண்டாலே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும், சுற்றிலும் கட்டுமானம் இல்லாத இடைவெளியும் விட வேண்டும் என்று இருந்தது.

சட்டாம்பிள்ளை:
வாரியத்தின் அங்கீகாரம் அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் நடக்கிற காகிதப் போக்குவரத்து, ஊர்க்காரன் அதில் எங்கேயும் வருவதில்லை. கருத்துக்கேட்பில் கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ உட்கார்ந்திருக்க, நாம் சொல்வதைப் பதிவு செய்தாக வேண்டும். அந்த 30 நாளையே 20 ஆக்கத்தான் 2006 அறிவிக்கையை மாற்ற வந்த 2020 வரைவில் பார்த்தார்கள், நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. 1996ல் பாலாற்றுத் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே விஷயம்தான். கெடுதல் வராது என்று நிரூபிக்க வேண்டியது திட்டம் கொண்டுவருகிறவர், பாதிக்கப்படுகிறவர் இல்லை.

மண்புழு:
தோல் தொழிற்சாலையின் கழிவுநீரும் வாழைத்தோலும் ஒன்றா சார்?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
வாழைத்தோல் மட்டும் வந்தால் நீங்கள் சொல்வது சரி தம்பி. பிரச்சினையே அங்கேதான். தரம் பிரித்து வந்த குப்பையை வரப்பு வரப்பாகக் குவித்து, ஒழுங்காகப் புரட்டி, உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு நிற்கிற மாதிரி பார்த்துக்கொண்டால் நாற்றம் பெரிதாக வராது. டயப்பர், பாலித்தீன், பேட்டரி எல்லாம் கலந்து வந்தால் பாதிக்கு மேல் சல்லடையில் நிற்கும். அந்த மிச்சத்தைப் பக்கத்திலேயே கொட்டுவார்கள், ஐப்பசி மழையில் கூரை இல்லாத யார்டு சேறாகும், கசிவுநீர் சரிவில் இறங்கும். சரிவில் இங்கே ஏரி இருக்கிறது.

திருவனந்தபுரத்துக்கு நடந்ததைப் பாருங்கள். அந்த நகரத்துக் குப்பைக்காகப் பக்கத்து ஊரான விளப்பில்சாலையில் 2000ல் வந்ததும் குப்பைக்கிடங்கு இல்லை, உரத் தொழிற்சாலைதான். கழிவுநீர் ஓடையில் கலந்து, பத்து வருஷம் பொறுத்த ஊர்க்காரர்கள் 2011 டிசம்பரில் பஞ்சாயத்தை வைத்தே பூட்டுப் போட்டார்கள். 2012ல் போலீஸ் பாதுகாப்போடு லாரி அனுப்பியும் உள்ளே விடவில்லை. ஒரு தலைநகரத்துக்கே குப்பை கொட்ட இடமில்லாமல் போனது. தொடங்கும் முன் மிச்சம் பிடித்துப் பத்து வருஷத்தில் மொத்தமாக இழந்த கதை அது. நான் யார்டுக்கு எதிரி இல்லை, கூட்டம் நடந்தால் தரம் பிரிக்காத லாரியைத் திருப்பி அனுப்புவோம் என்று எழுத்தில் வாங்கலாம் என்கிறேன்.

மண்புழு:
விளப்பில்சாலையை முழுசாகச் சொல்லுங்கள் சார். மூடிய பிறகு அந்த மாநகரம் வீட்டிலேயே பைப் கம்போஸ்ட், தெருமுனையில் காற்றோட்டத் தொட்டி என்று பிரித்துப் பரப்பியது. இங்கே எம்சிசி, அதாவது வார்டு அளவிலான சின்ன உரக்கூடம், என்றாலே அந்தத் தெரு முழுக்க மறியலுக்கு வருகிறது. பெரிதாகக் கட்டினால் மதிப்பீடு, சிறிதாகக் கட்டினால் "எங்கள் தெருவில் வேண்டாம்". குப்பை எங்கேதான் போகணும்?

கூடைக்காரி:
ஒரு மாற்றுக் கருத்து. எங்கள் வீட்டில் இரண்டு வாளி, வண்டியில் ஒரே தொட்டி. முதலில் இதைச் சரி செய்துவிட்டு யார்டு பற்றிப் பேசலாம்.

மண்புழு:
அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் எந்த மதிப்பீட்டு அறிக்கையும் அந்தத் தொட்டியை இரண்டாக்காது. பொறியியல் ஆலோசகர் முன்னூறு பக்கம் எழுதுவார், அதில் பாதி வேறு ஊர் அறிக்கையாக இருக்கும்.

சட்டாம்பிள்ளை:
அறிக்கை மோசமாக இருக்கும் என்பதற்காக அறிக்கையே வேண்டாம் என்றால், அப்புறம் எதைத்தான் கேட்பது?

ஏரிக்கரைவாசி:
மண்புழு தம்பி, கருத்துக்கேட்பு கேட்டு நான் கொடுக்கும் மனுவில் ஒரு வரி சேர்க்கிறேன்: "கருத்துக்கேட்பு முடியும்வரை பழைய கிடங்கில் புதிதாகக் கலப்புக் குப்பை கொட்டக்கூடாது, வார்டுக்கு ஒரு எம்சிசி தற்காலிகமாகத் திறக்க வேண்டும்." எங்கள் தெருமுனையில் இருக்கும் பூங்கா இடத்தையே முதலில் எடுத்துக்கொள்ளட்டும், எழுதித் தருகிறேன். இதற்குக் கையெழுத்துப் போடுவீர்களா?

மண்புழு:
இரண்டாவது பாதிக்குப் போடுவேன். முதல் பாதிக்கு, குப்பையை அதுவரை எங்கே வைப்பது என்று எழுதிக் காட்டுங்கள்.

ஏரிக்கரைவாசி:
திங்கட்கிழமை மனுநாள். ஞாயிறு இரவுக்குள் வரைவு போடுகிறேன், திருத்தங்களை இங்கேயே சொல்லுங்கள்.