மறு: பல்லில் படியும் 'பிளேக்' – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

*மொழிபெயர்ப்பாளர், கோவை:*
குழுவினருக்கு வணக்கம். முதியோர் இல்லம் ஒன்றில் பல் முகாம். அதற்கான நான்கு பக்கத் துண்டேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காலையில் எழுந்ததும் நாக்கால் தடவினால் பல்லில் வழவழவென்று தெரியுமே, கிருமிகள் கூடிய பூச்சு, அதை 'பிளேக்' என்றே எழுதியிருந்தேன். அங்குள்ள பாட்டி ஒருவர் படித்துவிட்டு, "ஏங்கண்ணு, பிளேக்கு மறுக்காவும் வந்துருச்சா?" என்று பதறிவிட்டார். கொள்ளைநோயான பிளேக்கும் தமிழில் அதே எழுத்துதானே! பிளேக் மாரியம்மனுக்குக் கோவில் இருக்கிற ஊர் இது. வேறு சொல் தாருங்கள்.

*ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:*
பற்காரை. பல்லின் லகரம் ககரத்தின் முன் றகரமாகும். காரை என்பது சுண்ணாம்புச் சாந்து. காரை எலும்பு வேறு, காரைச் செடி வேறு. காரைக்குடிக்கு அந்தச் செடியால்தான் பெயர் என்பார்கள், அதைத் தனி இழையில் பேசலாம்.

*பல் மருத்துவர், மதுரை:*
ஐயா, காரை அடுத்த கட்டம். இது மெத்தென்று இருக்கும், பிரஷுக்கே போய்விடும். அப்படியே விட்டால் எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏறி இறுகும். அதுதான் காரை, நாங்கள் கருவி வைத்துச் சுரண்ட வேண்டும். காரை என்று படித்தால் 'இனி துலக்கி என்ன' என்று விட்டுவிடுவார்கள். வயதானவர்களுக்கு ஈறு இறங்கி, எனாமல் இல்லாத வேர் வெளியே தெரிகிறது. சாப்பிடும் மாத்திரைகளில் பல எச்சிலை வற்றச் செய்கின்றன. படுக்கையில் கிடப்பவருக்கு வாய்க்கிருமி எச்சிலோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா. பல்செட்டிலும் இதே பூச்சு படியும். ஜப்பானில் 85 வயதைத் தாண்டியவர்களை வைத்துச் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. என் ஓட்டு 'பற்படலம்'.

*வாசகர், யாழ்ப்பாணம்:*
ஊத்தை இருக்க ஏன் புதுச்சொல்? "பல்லில ஊத்தை" எண்டால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

*கோவை:*
விளங்கும் அண்ணா, அதுதான் சிக்கல். இங்கே ஊத்தைவாய் என்பது வசவு. பாட்டி துண்டேட்டைத் திருப்பி என் மேலேயே எறிவார்.

*உயிரியல் ஆசிரியை, திருச்சி:*
பற்படலம் என்றதும் கம்பனில் எந்தக் காண்டம் என்று கேட்கத் தோன்றுகிறது! முதியவர்களுக்கோ படலம் என்றால் கண்ணில் விழுவது. இது உயிருள்ள பூச்சு என்பதும் சொல்லில் வர வேண்டும். 1683-இல் நுண்ணோக்கி வல்லுநர் லேவன்ஹூக் தன் பல் அழுக்கைச் சுரண்டிப் பார்த்ததோடு நிற்கவில்லை. வாழ்நாளில் வாயே கழுவாத ஒரு கிழவரிடமும் வாங்கிப் பார்த்து, நெளியும் உயிர்களை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஆகவே 'பல்லுயிர்ப்படலம்'.

*மதுரை:*
பல்லுயிர் என்றால் மேற்குத் தொடர்ச்சி மலைதான் நினைவுக்கு வரும் டீச்சர்.

*திருச்சி:*
வாயில் நூற்றுக்கணக்கான இனங்கள் இருக்கின்றனவே, அந்தப் பொருளிலும் சரிதான். இலவசமாக ஒரு சிலேடை!

*கோவை:*
நாள் முடிந்துவிட்டது. பற்படலத்துக்கு நான்கு பேர், அதில் இருவர் 'சரி, ஏதோ ஒன்று' என்றவர்கள். அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். சொல்லைப் பாட்டியிடம் காட்டினேன். "பல்லுல பாசியாட்டம் படியுமே, அதா?" என்கிறார்.

*தஞ்சாவூர்:*
பாசி! குறுந்தொகையில் பரணர் ஊருணிப் பாசியைப் பசலைக்கு, அதாவது காதலர் பிரிவில் மேனியில் படரும் நிறமாற்றத்துக்கு, உவமையாகச் சொல்கிறார்: தொடுவுழித் தொடுவுழி நீங்கி, விடுவுழி விடுவுழிப் பரக்கும். தொட்டால் விலகும், விட்டால் பரவும். பல் துலக்குவதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? 'பற்பாசி' என்று மாற்றுங்கள்.

*மதுரை:*
பாசி வெயிலில் உணவு சமைக்கும் ஐயா. இது நாம் தின்ற சர்க்கரையில் பிழைப்பது. ஒப்ப மாட்டேன்.

*கோவை:*
அட்டை அச்சில் ஓடிவிட்டது ஐயா. அச்சகத்தில் 'பற்ப்படலம்' என்று ஒற்று மிகுத்திருக்கிறார்கள்.