ருமேனியாவின் யாஷ் நகரத்துக்குப் போகும் அப்பாவுக்கு டீ பாடம்

குழு: ஈரோட்டு வீடு

[காலை 6:40] அப்பா: கயல் கண்ணு, டிக்கெட் வந்துவிட்டது. ஜூன் 14 புறப்படுகிறோம். ஒன்று மட்டும் சொல்லிக்கொடு. அந்த ஊர்க் கடையில் டீ வேண்டும் என்று ருமேனிய மொழியில் எப்படிக் கேட்பது? மற்றதை நீ பார்த்துக்கொள். டீயை மட்டும் நானே கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும்.

[காலை 6:42] அம்மா: பாஸ்போர்ட்டை எங்கே வைத்தோம் என்று இன்னும் தேடவில்லை. அதற்குள் டீ.

[காலை 6:45] அண்ணன்: "சாய்" என்று சொன்னால் போதும்பா. அங்கேயும் அதே சொல்தான்.

[காலை 9:55] கயல்: இப்போதுதான் எழுந்தேன். இங்கே மணி ஏழரைகூட ஆகவில்லை. அண்ணன் சொன்னது சரி, சொல் அதேதான். "பச்சை"யில் வருகிற ச்ச மாதிரி அழுத்தி, ச்சாய். ஆனால் அதை மட்டும் சொன்னால் டீ வராது, கேள்விதான் வரும்.

[காலை 9:56] கயல்: "ச்செ ஃபெல் தெ ச்சாய்?" என்பார்கள். என்ன வகை என்று. இங்கே வெந்நீரில் ஊறுகிற இலை, பூ, காய் எல்லாமே ச்சாய்தான். தேயிலையும் அதில் ஒன்று, அவ்வளவுதான். தினமும் குடிப்பதற்குக் காபி. ச்சாய் வேண்டும் என்றால், "உடம்புக்கு என்ன?" என்று கேட்கிற ஆட்களும் உண்டு.

[காலை 10:02] சித்தப்பா: அப்போ அது நம்ம கஷாயம். அண்ணா, அங்கே போய்ச் சுக்குத்தண்ணி குடிக்கப் போறீங்க.

[காலை 10:03] அப்பா: நீ சும்மா இருடா. கண்ணு, தேயிலை டீக்கு என்ன பெயர்?

[காலை 10:06] கயல்: ச்சாய் நெக்ரு. நெக்ரு என்றால் கறுப்பு. முழு வாக்கியம் இது, தாளில் எழுதிக்கொள்ளுங்கள்:

அஷ் தொரி உன் ச்சாய் நெக்ரு கு லாப்தெ, வ ரோக்.

தொரி: "தொரை" என்கிறோமே, அந்தத் தொ. "கு" என்றால் உடன், "லாப்தெ" பால். "வ ரோக்" தயவுசெய்து. அதில் வருகிற "வ" வாயை அதிகம் திறக்காமல்.

[காலை 10:09] அண்ணன்: லாப்தெ கு என்று பின்னால் வராதா? நமக்குப் "பாலுடன்"தானே.

[காலை 10:10] கயல்: முன்னால்தான். கு லாப்தெ பாலுடன், ஃபர ஸஹர் சர்க்கரை இல்லாமல். புட்ஸின் ஸஹர் என்றால் கொஞ்சம் சர்க்கரை. அப்பாவுக்கு ஃபர ஸஹர் மட்டும் தெரிந்தால் போதும்.

[காலை 10:11] அம்மா: அதை நூறு தடவை எழுதச் சொல்லு.

[காலை 10:15] அப்பா: எலுமிச்சைக்கு?

[காலை 10:19] கயல்: கு லமுயெ. அப்பா, இது உங்களுக்குப் பிடிக்கும். அந்த "மு"வில் உதட்டைக் குவிக்கக் கூடாது. பாட்டு, காற்று என்று முடிக்கும்போது ஒரு உ வருமே, அந்த உ. இங்கே படிக்க வருகிற வடநாட்டுப் பிள்ளைகள் அந்த ஒலிக்குத் திண்டாடுகிறார்கள். நமக்கு நாக்கிலேயே இருக்கிறது.

[காலை 10:20] அப்பா: குற்றியலுகரம்!!! பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியச் சொன்னேனே, ஒரு பயல் கேட்டானா? இப்போது ருமேனியாக்காரன் கேட்கிறான் பார்.

[காலை 10:22] கயல்: இன்னும் இருக்கிறது. வேறு ஏதாவது வேண்டுமா என்பதற்கு "மய் தொரிட்ஸி ச்செவா?" என்பார்கள். அந்த "ட்ஸி"யில் இ கேட்டும் கேட்காமலும், வெறும் மூச்சாகப் போய்விடும்.

[காலை 10:23] அப்பா: இகரமும் குறுகுகிறதா! இந்த மொழியை நான் ஒரு மாதத்தில் பிடித்துவிடுவேன்.

[காலை 10:24] அண்ணன்: முதலில் டீயைப் பிடிங்கப்பா.

[காலை 10:31] கயல்: அவர்கள் அப்படிக் கேட்டதும், போதும் என்பதற்கு "அதுத், முல்ட்ஸுமெஸ்க்". அதுத் என்பதிலும் அதே குற்றியலுகரம்தான். முல்ட்ஸுமெஸ்க் நன்றி. வாயில் நுழையாவிட்டால் "மெர்சி" என்றாலும் புரியும், எல்லோரும் சொல்கிறார்கள். அப்புறம் "வ ரோக்"கும் "தெ ரோக்"கும் ஒன்றல்ல. வ ரோக் "நீங்க" போடுகிற இடத்தில், தெ ரோக் "நீ" போடுகிற இடத்தில். பரிமாறுகிறவர் கல்லூரிப் பையனாக இருந்தாலும் வ ரோக்தான் சொல்ல வேண்டும்.

[காலை 10:33] அம்மா: நானும் கூட இருப்பேனே, ரெண்டு டீ கேட்க வேண்டாமா?

[காலை 10:36] கயல்: தோவ ச்சாயுரி. இதில் ஒரு கூத்து. இரண்டு என்பதற்கு ஆண்பாலுக்குத் "தொய்", பெண்பாலுக்குத் "தோவ". ச்சாய் ஒன்றாக இருக்கும்போது ஆண்பால், இரண்டானால் பெண்பால். இந்த மொழியில் ஏகப்பட்ட சொற்கள் அப்படித்தான். ஆனால் காசுக்கு "தொய் லெய்", இரண்டு லெய்.

[காலை 10:37] சித்தப்பா: ஒண்ணா இருக்கிறவரைக்கும் ஆம்பளை, ஜோடி சேர்ந்தா பொம்பளை ராஜ்ஜியம். எங்க வீட்டு இலக்கணம் ருமேனியா வரைக்கும் போயிருக்கு.

[காலை 10:37] அண்ணன்: சித்தி இந்தக் குழுவில் இருக்கிறார் சித்தப்பா.

[காலை 10:38] (சித்தப்பா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்)

[காலை 10:50] அப்பா: சரி கண்ணு, அந்த வாக்கியத்தைச் சொன்னால் நம்ம டீ வந்துவிடுமா?

[காலை 10:58] கயல்: வராதுப்பா. ஒரு பெரிய கோப்பையில் வெந்நீர், பக்கத்தில் உறை பிரிக்காத டீப்பை, ஒரு சின்னக் குடுவையில் பால். பால் பெரும்பாலும் சில்லென்று இருக்கும். தேயிலையைப் பாலில் போட்டுக் கொதிக்க விடுகிற வழக்கமே இங்கே கிடையாது. அதனால் "லாப்தெ கால்த்" என்று கேளுங்கள், சூடான பால். ஸ்ட்ராங் வேண்டுமானால் "கு தோவ ப்ளிகுரி" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ப்ளிக் என்றால் அந்தப் பை. இரண்டு பை போட்டு, ஐந்து நிமிஷம் தட்டால் மூடி வைத்து, அப்புறம் பால் ஊற்றினால் ஓரளவு கிட்டே வரும்.

[காலை 10:59] கயல்: நுரை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

[காலை 11:04] அப்பா: ஓரளவு.

[காலை 11:05] அம்மா: அவருக்கு இப்போதே முகம் தொங்கிப்போச்சு. நீ வீட்டிலேயே போட்டுக் கொடுத்துவிடு.

[காலை 11:09] கயல்: வீட்டில் போடலாம், எல்லாம் இருக்கிறது. கடையில் பால் வாங்கும்போது மட்டும் அட்டையைப் படிக்க வேண்டும். 3.5% என்று போட்டிருந்தால் கொழுப்பு எடுக்காத பால், டீக்கு அதுதான் சரி. 1.5% தண்ணியாக இருக்கும். "லாப்தெ பதுத்" என்று ஒன்று பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள். பெயரில் பால் இருந்தாலும் அது கெட்டி மோர், டீயில் ஊற்றினால் திரிந்துவிடும். வெயிலுக்கு உப்புப் போட்டுக் குடிக்க அருமை.

[காலை 11:12] அம்மா: மோர் கிடைக்கிறதா! அதை முதலில் சொல்ல மாட்டாயா?

[பகல் 12:20] சித்தப்பா: கயல், அந்தக் கஷாய வகையெல்லாம் என்னென்ன? வரும்போது எனக்கும் நாலு பொட்டலம்.

[பகல் 12:41] கயல்: முஷெட்ஸெல், கெமோமில் பூ, வயிற்றுக்கு. மென்த, புதினா. மச்செஷெ, காட்டுரோஜாக் காய், புளிப்பாகச் சிவப்பாக இருக்கும். மூலிகை விற்கிற கடைக்குப் ப்ளாஃபார் என்று பெயர், எல்லாம் அங்கே கிடைக்கும். சுனத்வாரெ என்று ஒன்று உண்டு, மஞ்சள் பூ, கல்லீரலுக்கு நல்லது என்று இங்கே பெரியவர்கள் குடிப்பார்கள். அதை மட்டும் வாங்கித் தர மாட்டேன்.

[பகல் 12:42] சித்தப்பா: ஏன்? அதுதான் எனக்கு வேண்டியது.

[பகல் 12:47] கயல்: ரத்தம் உறையாமல் இருக்க நீங்கள் வார்ஃபரின் சாப்பிடுகிறீர்கள். சுனத்வாரெ அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். மனச்சோர்வு மாத்திரை, கருத்தடை மாத்திரை, இன்னும் பல மருந்துகளோடும் ஒத்துப்போகாது. வகுப்பில் படித்ததும் முதலில் உங்கள் நினைப்புதான் வந்தது. பூதானே என்று நினைக்காதீர்கள்.

[பகல் 12:49] சித்தப்பா: சரிங்க டாக்டரம்மா.

[பகல் 12:55] கயல்: உங்களுக்குத் தெய் கொண்டு வருகிறேன். லிண்டன் மரத்துப் பூ. நீங்கள் வருகிற ஜூன் மாதத்தில் யாஷ் முழுக்க அதன் வாசனைதான். கோப்பௌ பூங்காவில் எமினெஸ்குவின் மரம் என்றே ஒரு பழைய லிண்டன் நிற்கிறது, கிளைகளுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். எமினெஸ்கு இவர்களுடைய பெரிய கவிஞர், 1850இல் பிறந்தவர். அப்பாவை அங்கே கூட்டிப் போவேன்.

[பகல் 12:58] கயல்: எங்கள் வீட்டுக்கார அம்மா பூவைக் காம்போடு பறித்து, செய்தித்தாளில் பரப்பி, அலமாரிமேல் நிழலில் காயவைப்பார். காம்பில் வெளிர்பச்சையாக நாக்கு மாதிரி நீள இலை ஒன்று ஒட்டியிருக்கும். அதைப் பிய்க்கக் கூடாது, பூவோடு அதையும் சேர்த்துத்தான் போட வேண்டும். பத்து நிமிஷம் மூடி வைத்தால் தண்ணீர் லேசான மஞ்சளுக்கு வரும். மேலே தேன். தேனுக்கு மியெரெ. ராத்திரி தூங்கப் போகுமுன் குடிப்பது.

[பகல் 1:05] அப்பா: அது ராத்திரிக்கு. காலையில் எனக்கு டீ. காசு கொடுக்க என்ன சொல்ல வேண்டும்?

[பகல் 1:10] கயல்: "நோதா, வ ரோக்." பில் வரும். அதிலேயே டிப்ஸ் எவ்வளவு என்று கேட்டுச் சதவீதக் கட்டங்கள் இருக்கும். 2023இலிருந்து சட்டமே அப்படி. பத்து சதவீதம் வைப்பது வழக்கம், வைக்காவிட்டாலும் தப்பில்லை. டிப்ஸுக்கு இங்கே என்ன பெயர் தெரியுமா? பக்ஷீஷ்.

[பகல் 1:11] சித்தப்பா: நம்ம பக்‌ஷீஸ்!

[பகல் 1:12] கயல்: அதேதான். துருக்கிக்காரர்கள் விட்டுப்போனது.

[பகல் 1:30] அம்மா: டீத்தூள் ரெண்டு கிலோ, வடிகட்டி, பால்பவுடர் ஒரு டப்பா, ஒரு பாட்டில் நெய். பெட்டியில் வைத்தாயிற்று.

[பகல் 1:34] கயல்: பால்பவுடரும் நெய்யும் எடுத்துவிடுங்கள்மா. வெளிநாட்டிலிருந்து பால் பொருள், இறைச்சி எதையும் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது, விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். டீத்தூளுக்குத் தடையில்லை. இஞ்சி இங்கேயே கிடைக்கும், கிம்பிர் என்று கேட்டால் போதும். ஏலக்காய் மட்டும் நிறையக் கொண்டு வாருங்கள், இங்கே கொள்ளை விலை.

[பகல் 1:36] அம்மா: நெய்யை எடுத்த இடத்தில் இன்னொரு கிலோ டீத்தூள் வைக்கிறேன்.

[மாலை 5:48] அப்பா: (குரல் பதிவு, 0:09)

[மாலை 5:55] கயல்: ரோக்கில் வருகிற க் கொஞ்சம் மெதுவாக, "பாகு"வில் வருகிற கு மாதிரி. மற்றதெல்லாம் சரிப்பா.

[மாலை 5:56] அப்பா: (குரல் பதிவு, 0:11)

[மாலை 5:57] அம்மா: பக்கத்து வீட்டிலிருந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டார்கள்.