.45 பிஸ்டல் கைக்கு இதமானதா? எடை, பிடி, பின்னுதைப்பு குறித்த விவாதம்

வெள்ளவத்தை வேந்தன்:

பெரிய கலிபர் (குழலின் உள்விட்டம், .45 என்றால் அங்குலத்தில்) பிஸ்டல் என்றாலே மணிக்கட்டைப் பதம்பார்த்துவிடும் என்ற பேச்சு நம்மவரிடையே ஊறிப்போய்விட்டது. கொழும்பில் நம்மில் பெரும்பாலோர் பழகுவது காற்றழுத்தப் பிஸ்டலும் .22 உம்தான். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் எடுத்து .45 ஒன்றை வைத்துக்கொள்வது சாதாரண மனிதருக்கு எட்டுகிற காரியமல்ல என்பதால், அந்தப் பேச்சு சரியா பிழையா என்று சோதித்தவர்களும் குறைவு. அண்மையில் பாங்கொக்கில் ஓர் உள்ளகச் சுடுதளத்தில், உருக்குச் சட்டகம் கொண்ட எம்1911ஏ1 வகை (சுருக்கமாக 1911) .45 பிஸ்டலையும் 9 மில்லிமீற்றர் குளொக் 17 ஐயும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தேன். கைக்கு இதமாக இருந்தது .45 தான் என்பது என் தீர்ப்பு.

குளொக்கின் பின்னுதைப்பு சுள்ளென்று வந்து மணிக்கட்டில் நிற்கிறது. .45 இன் பின்னுதைப்பு உள்ளங்கை முழுவதையும் நிதானமாகப் பின்னே தள்ளுகிறது. பிஸ்டலின் எடை கையில் அமர்ந்துவிடுவதால் குறி அதிகம் அலைவதில்லை. விசையைப் பற்றியும் சொல்ல வேண்டும்: 1911 இன் விசை ஓர் அச்சில் சுழல்வதில்லை, நேராகப் பின்னோக்கி வழுக்குகிறது. இழுவை குறுகியது, எந்த இடத்தில் வெடிக்கும் என்பது விரலுக்கு முன்கூட்டியே தெரிகிறது. நூறாண்டு கடந்தும் அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜோன் பிரௌனிங்கின் அந்த வடிவமைப்பை இன்றும் பல நிறுவனங்கள் உற்பத்தி செய்வதற்குப் பழைமை மீதான பாசம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

தெஹிவளைப் பொறியாளர்:

உணர்வை மறுக்க முடியாது, ஆனால் அந்த உணர்வுக்கு நீங்கள் சொல்லும் காரணத்தை மறுக்கலாம். வழமையான .45 ஏசிபி (1911 சுடும் வகை) ரவையின் சன்னம் (குழலிலிருந்து பறந்து செல்லும் பகுதி) 14.9 கிராம், வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 255 மீற்றர். 9 மில்லிமீற்றரில் சன்னம் 8 கிராம், வேகம் 360 மீற்றர் அளவில். எடையைக் கிலோகிராமில் வைத்து வேகத்தால் பெருக்கினால் உந்தம் முறையே 3.8, 2.9 என வரும். வெடிமருந்து வாயுவின் பங்கை எளிமைக்காக விட்டுவிடுகிறேன். ஆக, கையை நோக்கி வருகிற உந்தம் .45 இல் மூன்றில் ஒரு பங்கு அதிகம். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை.

இப்போது எடையைப் பாருங்கள். வெற்று மகசினோடு (ரவைகளை அடுக்கும் கூடு) 1911 ஏறத்தாழ 1.1 கிலோகிராம், குளொக் 17 ஏறத்தாழ 0.7 கிலோகிராம். முழுதாக நிரப்பினால் முன்னது 1.25, பின்னது 0.9 ஐச் சற்றுத் தாண்டும். பின்னுதைப்பு ஆற்றலைக் கணக்கிட்டால் நிரம்பிய நிலையில் .45 க்கு 5.8 யூல், 9 மில்லிமீற்றருக்கு 4.6 யூல். ரவைகள் தீரும் தறுவாயில் 6.6 உம் 6.0 உம். பதினேழு ரவைகளைச் சுமக்கிற இலகுவான பிஸ்டல், சுடச் சுட எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கிறது, 1911 அவ்வளவு இழப்பதில்லை. நீங்கள் இரண்டையும் ஒப்பிட்டபோது வேறுபாடு சிறிதாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இதே .45 ரவையைப் பொலிமர் சட்டகம் கொண்ட குளொக் 21 இல் இட்டால், ஏறத்தாழ 0.83 கிலோகிராம் வெற்று எடைக்கு 8.7 யூல் வரும். மாறாக, 9 மில்லிமீற்றரை உங்கள் உருக்கு 1911 இலேயே இட்டால் (அப்படியும் தயாரிக்கிறார்கள்) 3.8 யூலுக்கு இறங்கிவிடும். எனவே நீங்கள் பாராட்டுவது உருக்கின் எடையை. கலிபருக்கு அந்தப் பாராட்டில் பங்கு இல்லை.

ஓய்வுபெற்ற சார்ஜன்:

தம்பிமார் இருவரும் முதல் மகசினைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பொலிஸ் சேவையில் ரிவோல்வரும் பிறகு 9 மில்லிமீற்றரும் பயன்படுத்தியவன், பயிற்சித் தளத்தில் பலரைப் பின்னால் நின்று பார்த்தவன். ஒரு பிஸ்டல் இதமானதா என்பதை முதல் ஏழு ரவைகளில் எவரும் அறிய முடியாது. புதுமையின் உற்சாகத்தில் வலி தெரியாது. ஒரு மணிநேரத்தின் முடிவில், தோள் சோர்ந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதை சிவந்து, பிடியின் சொரசொரப்பு உள்ளங்கையில் அச்சாகப் பதிந்திருக்கும்போது குறித்தாளைப் பார்க்க வேண்டும். துவாரங்கள் இடப்பக்கக் கீழ்மூலைக்கு இறங்கத் தொடங்கியிருந்தால், சுடுபவர் வலக்கைக்காரர் என்றால், வெடிக்கப்போகிறது என்று கை முன்கூட்டியே பயந்து பிஸ்டலை அமுக்குகிறது என்று பொருள். அந்த மனிதர் வாயால் இதம் என்றுதான் சொல்வார். தாள் வேறு சொல்லும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வெடிமருந்து இல்லாத போலி ரவைகள் ஒன்றிரண்டை இன்னொருவர் உங்களுக்குத் தெரியாமல் மகசினில் கலந்து வைக்க வேண்டும். சுத்தியல் விழுந்து வெடிக்காத அந்தக் கணத்தில் குழல்முனை அசையாமல் நின்றால் அந்தப் பிஸ்டல் உங்களுக்குப் பொருந்துகிறது. முனை தலைகுனிந்தால், யூல் கணக்கு எதுவாக இருந்தாலும் அது உங்களுக்குப் பொருந்தவில்லை. வேந்தன் இதைச் செய்து பார்த்தாரா?

மட்டக்குளி மைதிலி:

சார்ஜன் ஐயா சொன்ன சோதனையை ஏற்கிறேன். ஆனால் அதற்கும் முன்னே நிற்கிற ஒன்றை மூவரும் தொடவில்லை. கையின் அளவு! என் கை சிறியது. இரண்டு வரிசையாக ரவை அடுக்கும் பிஸ்டல்களின் பிடி தடிப்பானது. அதைச் சுற்றிப் பிடித்து விசைக்கு விரலை எட்டவைப்பதற்காகக் கையைப் பக்கவாட்டில் திருப்ப நேர்கிறது. அப்படித் திருப்பியதும் பின்னுதைப்பு முன்னங்கை எலும்பின் நேர்கோட்டில் வராமல் பெருவிரல் மூட்டில் போய் இடிக்கிறது. அதன் பிறகு 9 மில்லிமீற்றர்கூட வலிக்கத்தான் செய்யும். ஒற்றை வரிசை மகசின் கொண்ட 1911 இன் பிடி மெலிந்தது, என் விரல்கள் சுற்றிவந்து சந்திக்கின்றன. கலிபர் பெரியதாயினும் பிடி சிறியது என்பதைப் பலர் நம்புவதில்லை.

இது என் சொந்த அனுபவத்தில் மட்டும் தங்கியிருப்பதும் அல்ல. அமெரிக்க இராணுவம் 1911 இல் ஏற்றுக்கொண்ட பிஸ்டலை 1920 களின் நடுப்பகுதியில் எம்1911ஏ1 ஆகத் திருத்தியபோது செய்தவற்றில் முக்கியமானவை கை பொருந்துவதற்கான மாற்றங்கள்: விசையைக் குறுக்கினார்கள், விசைக்குப் பின்னால் சட்டகத்தின் இரு பக்கமும் விரலுக்காகக் குடைந்தார்கள், பிடியின் பின்புறக் கீழ்ப்பகுதியை வளைத்தார்கள், சுத்தியல் சதையைக் கடிக்காதபடி பிடிப் பூட்டின் (பிடியை அழுத்தினால் மட்டுமே சுடவிடும் பாதுகாப்பு) மேல்நுனியை நீட்டினார்கள். ரவையை மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1911 இல் கஷ்டமானது, குழலின் மேல் முன்பின் நகரும் பகுதியான ஸ்லைட்டைப் பின்னிழுப்பது. அதன் பின்னுதைப்புச் சுருள் ஏறத்தாழ 7 கிலோகிராம் வலு கொண்டது, கூடவே சுத்தியலின் சுருளும் எதிர்க்கும். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு முதலில் சுத்தியலைப் பின்னே ஏற்றிவிட்டு ஸ்லைட்டை இழுத்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும். சுடுதளங்களில் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல், பலம் போதாது என்று கூறி .22 ஐ நீட்டிவிடுகிறார்கள். இது எனக்கு எப்போதும் எரிச்சலூட்டுவது.

கொட்டாஞ்சேனைக் குறியாளன்:

பெரிய கலிபர் என்று பேச்சைத் தொடங்கிவிட்டு .45 இலேயே நிற்கிறீர்களே! டெஸர்ட் ஈகிள் .50 என்ற பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். அது வெடிமருந்தின் வாயுவால் இயங்குவது, குழல் நிலையாக இருப்பது, எடையோ 2 கிலோகிராம். வாயு இயக்கம் பின்னுதைப்பை விழுங்கிவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வேந்தன் அண்ணாவின் வாதப்படி அதுதான் எல்லாவற்றிலும் இதமான பிஸ்டலாக இருக்க வேண்டும்.

தெஹிவளைப் பொறியாளர்:

விழுங்காது, தம்பி. வாயு இயக்கம் உந்தத்தைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்பலாம், உந்தத்தின் அளவைக் குறைக்க அதனால் முடியாது. .50 இன் சன்னம் 19 கிராமுக்கு மேல், வேகம் செக்கனுக்கு 450 மீற்றர் அளவில். 2 கிலோகிராம் எடையைக் கணக்கில் எடுத்த பிறகும் ஏறத்தாழ 19 யூல் வருகிறது, அதாவது வேந்தனின் .45 ஐப்போல மூன்று மடங்கு. எடை உதவுகிறதுதான், ஆனால் ரவை அதைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. அதோடு மைதிலி சொன்ன பிடித் தடிப்பு அங்கே உச்சத்தில் இருக்கிறது. தாங்கும் கையை மகசினின் அடியில் வைத்து மேலே தள்ளினால் ரவை ஏறாமல் சிக்குவதும் அதில் நடக்கும். விடுமுறையில் ஒருமுறை சுட்டுப் படம் எடுப்பதற்கு நல்ல பிஸ்டல்.

வெள்ளவத்தை வேந்தன்:

.50 ஐ நான் எங்கும் பரிந்துரைக்கவில்லை, அதை என் தலையில் கட்ட வேண்டாம்.

பொறியாளருக்கு என் மறுமொழி இதுதான்: கலிபரைத் தனியே பிரித்தெடுத்து எவரும் கையில் பிடிப்பதில்லை. நாம் மதிப்பிடுவது ஒரு முழுப் பிஸ்டலை. .45 க்காகவே வடிவமைக்கப்பட்ட 1911 அதற்குரிய எடையோடும் அதற்குரிய ஸ்லைட்டோடும் வருகிறது. அந்தக் கூட்டில்தான் அது இதம் என்கிறேன். உங்கள் யூல் கணக்கு எவ்வளவு என்பதைச் சொல்கிறது, எப்படி என்பதைச் சொல்லவில்லை. .45 இன் அறை அழுத்தம் (ரவை வெடிக்கும் அறையில் எழும் வாயு அழுத்தம்) சதுர அங்குலத்துக்கு 21,000 இறாத்தல் வரம்புக்குள் நிற்பது, 9 மில்லிமீற்றரின் வரம்பு 35,000. தள்ளலுக்கும் அடிக்கும் உள்ள வேறுபாட்டை என் கை உணர்ந்தது வெறும் கற்பனை அல்ல.

தெஹிவளைப் பொறியாளர்:

அழுத்த வேறுபாடு உண்மை, அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு ஐயத்துக்குரியது. சன்னம் குழலைவிட்டு வெளியேறும்போது ஸ்லைட் மிகச் சிறிய தூரமே நகர்ந்திருக்கும். உங்கள் கை உணர்வதில் பெரும்பங்கு அதன் பிறகு நடப்பது: ஸ்லைட் சுருளை அமுக்கிப் பின்னே வந்து சட்டகத்தில் முட்டுவதும், திரும்ப முன்னே ஓடி மூடுவதும். அறை அழுத்தத்தைவிட ஸ்லைட்டின் எடையும் சுருளின் வலுவும்தான் அந்த உணர்வைத் தீர்மானிக்கின்றன. சன்னத்தை மாற்றினாலே உணர்வு மாறிவிடும் என்பதும் இதையே காட்டுகிறது. ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு) போட்டிகளில் சன்னத்தின் கிரெயின் எடையை (ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்) செக்கனுக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பார்கள். உயர்பிரிவுக்குப் பல வகுப்புகளில் 170 போதும். வழமையான 230 கிரெயின் .45 ஏறத்தாழ 190 தருகிறது. 200 கிரெயின் சன்னத்தை 870 அடி வேகத்தில் ஏற்றினால் 174, பின்னுதைப்பு ஆற்றல் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். பிஸ்டலும் அதே, கலிபரும் அதே.

ஓய்வுபெற்ற சார்ஜன்:

போட்டி என்று வந்ததால் ஒன்று சொல்கிறேன். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசச் சுடுதல் விளையாட்டுச் சம்மேளனம்) நடத்தும் மையவெடி (ரவையின் அடிப்பக்க நடுவில் அடித்து வெடிக்கவைக்கும் வகை) பிஸ்டல் போட்டியில் 7.62 முதல் 9.65 மில்லிமீற்றர் வரையான கலிபரே அனுமதி, ஆகவே .45 அங்கே நுழைய முடியாது. எடையின் மேல் எல்லை 1,400 கிராம். இங்கிருந்து அந்தத் தடத்தில் போகிற பிள்ளைகள் .45 இன் இதத்தைத் தேடிப் பழகுவதால் பயன் இல்லை. எடை நல்லது என்று எல்லோரும் பேசுகிறீர்கள். நீட்டிய ஒற்றைக் கையில் ஒன்றேகால் கிலோகிராமைப் பிடித்து நின்று பாருங்கள், பின்னுதைப்பு வருவதற்கு முன்பே கை நடுங்கும்.

மைதிலிக்கும் ஒரு வார்த்தை: பிடி மெலிந்திருப்பது நல்லதுதான், ஆனால் மெலிந்த பிடி அதே உந்தத்தைக் குறைந்த பரப்பில் அழுத்துகிறது. கொழும்பு வெக்கையில் வியர்த்த கையில் அந்தப் பிடி ஒவ்வொரு வெடிக்கும் சிறிது சுழலும். ஒவ்வொரு முறையும் பிடியைத் திருத்த நேர்ந்தால் அதையும் இதம் என்று சொல்வீர்களா?

மட்டக்குளி மைதிலி:

ஐயா, பிடி சுழல்வது தாங்கும் கை வேலை செய்யாதபோது. வலக்கையின் விரல்கள் விட்டுவைத்த இடத்தை இடக்கையின் உள்ளங்கை முழுதாக நிரப்பினால் வியர்வையிலும் பிஸ்டல் நகராது, பிடித்தகட்டின் சொரசொரப்பும் அதற்காகத்தான். ஒற்றைக் கை நிலைக்கு உங்கள் வாதம் பொருந்தும், இரு கை நிலைக்குப் பொருந்தாது.

உள்ளகத் தளம் என்று வேந்தன் அண்ணா எழுதியதால் இன்னொன்றும் கேட்கிறேன். மூடிய அறையில் பலர் கண்ணை மூடுவது சத்தத்தால். பழியைப் பின்னுதைப்பின் மேல் போடுகிறார்கள். இரண்டு கலிபரும் 150 டெசிபலைத் தாண்டுபவை. செவிக்குள் அடைப்பானும் அதற்கு மேல் காதுக்கவசமும் சேர்த்து அணிந்து சுட்டீர்களா, அல்லது தளத்தில் தந்த பழைய கவசத்தோடு மட்டுமா? அது தெரியாமல் எது சுள்ளென்றது, எது தள்ளியது என்று ஒப்பிடுவது கடினம்.

வெள்ளவத்தை வேந்தன்:

கவசம் மட்டும்தான், ஆனால் இரண்டு பிஸ்டலுக்கும் அதே கவசம். அடுத்த முறை அடைப்பானும் சேர்த்து அணிகிறேன், உடன் வருகிற மைத்துனரைக் கொண்டு போலி ரவைகளையும் கலக்கச் செய்கிறேன், முதல் மகசினின் தாளையும் கடைசி மகசினின் தாளையும் இங்கே பதிவேற்றுகிறேன். பொறியாளர் கேட்கிற 9 மில்லிமீற்றர் 1911 அங்கே வாடகைக்குக் கிடைத்தால் அதையும் சுடுவேன். சார்ஜன் ஐயாவின் ஒற்றைக் கை நிலையை மட்டும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கமாட்டேன். இரு கையால் பிடித்துச் சுடுகிற என்னைப்போன்றவருக்கு எது இதம் என்பதே நான் எழுப்பிய கேள்வி.

ஓய்வுபெற்ற சார்ஜன்:

அப்படியானால் தலைப்பில் அதையும் எழுதிவிடுங்கள், தம்பி. கடைசி மகசின் என்றால் ஒரு மணிநேரத்துக்குப் பிறகு வருகிற கடைசி மகசின்.